பின்னிருக்கை

ஊசி ஒரு சாண் நீளத்துக்கும் மேல் இருந்தது. டோரிஸ் அதை இறக்கையின் இந்தப் பக்கத்திலிருந்து குத்தி உள்ளே செலுத்தினாள். அந்தப் பக்கத்தில் நின்ற தங்கம் அதன் முனையைப் பற்றி இழுத்து, உள்ளேயிருந்த மரச்சட்டத்தைச் சுற்றி அதன் மறு ஓரத்தில் திருப்பிக் குத்தினாள். நிமிர்த்தி நிறுத்தப்பட்டிருந்த இறக்கை இருவருக்கும் நடுவே துணிச் சுவராக நின்றதால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியவில்லை. தேன்மெழுகு பூசிய நூல் துணிக்குள் போய்வரும் ஓசையைக் கொண்டே ஒருவர் கை இருக்கும் இடத்தை மற்றவர் அறிந்தார்.

"தங்கக்கா, தூங்கிட்டீங்களா?"

"நக்கோ, இல்ல டோரிஸு! கண்ணே மூடல. மேல உத்திரத்துல ஒரு புறா உக்காந்துக்கிட்டு என் தலைக்கே குறி பாக்குது. நான் அதைப் பாத்துக்கிட்டிருக்கேன்."

"புறாவைப் பாத்தா முடிச்சு எங்க விழும்? சட்டத்து மேல வரக்கூடாது, ஓரத்துல உக்காரணும்."

"உக்காந்திருச்சு. இன்ஸ்பெக்டரு பாத்தா பொண்ணு கேட்டு வருவாரு, அம்புட்டு அழகா உக்காந்திருச்சு."

இறக்கைக்கு அப்பாலிருந்து வந்த சிரிப்பில் துணி லேசாக அதிர்ந்தது. டோரிஸ் நூலைச் சுண்டி இழுத்து, மூன்று விரற்கடை அளந்து, அடுத்த இடத்தில் கரிக்கோலால் புள்ளி வைத்தாள்.

செகந்தராபாத்திலிருந்து ஒரே பேருந்தில் போய்ச் சேரக்கூடிய அந்த விமானக் கிளப்பின் பயிற்சித் திடலில் ஐந்து விமானங்கள் இருந்தன. நான்கு, அலுமினியத் தகடு போர்த்தியவை. ஐந்தாவது, வெள்ளைக்காரன் காலத்து இரட்டை இறக்கை விமானம். மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்தி, துணியை இறுக்கும் வார்னிஷைப் பூசிப் பறக்கவிடுவது. பதினொரு ஆண்டுகளாக அது கொட்டகையின் மூலையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. எழுபத்து மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து தியாகு என்னும் படஇயக்குநர் வெள்ளைக் காரில் வந்து இறங்கி அந்தத் தார்ப்பாயை விலக்கச் சொன்னார். முப்பதுகளில் தன்னந்தனியாக விமானம் ஓட்டிய ஒரு பெண்மணியின் வாழ்க்கையை அவர் தெலுங்கில் படமாக எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தக் காலத்து விமானம் வேண்டும். நின்றால் மட்டும் போதாது, பறக்கவும் வேண்டும். செலவு படக் கம்பெனியினுடையது என்று கேட்டதும் கிளப்பின் செயலர் கிருஷ்ணமூர்த்தி மறு பேச்சின்றி ஒப்புக்கொண்டார்.

இயந்திரத்தைப் பார்க்க மெக்கானிக்குகள் இருந்தார்கள். சட்டத்தைச் சீராக்கத் தச்சர் இருந்தார். துணி போர்த்துவதற்குத்தான் ஆள் இல்லை. அந்த வேலையைச் செய்கிறவருக்கு ரிக்கர் என்று பெயர். கடைசி ரிக்கரான சின்னசாமி நான்கு ஆண்டுகளுக்கு முன்பே பெங்களூருக்குப் பெரிய வேலை கிடைத்துப் போய்விட்டார். ஃபோர்மன் ராஜாராமன் இரண்டு நாள் யோசித்துவிட்டு, மூன்றாம் நாள் ஸ்டோருக்குப் பின்னாலிருந்த தையல் அறைக்கு வந்து வாசலில் நின்றார். உள்ளே டோரிஸ் ஜன்னல் திரைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"டோரிஸம்மா, றெக்கை தைப்பீங்களா?"

"அளவு குடுத்தா எதையும் தைப்பேன் சார். ரவிக்கையா இருந்தா என்ன, றெக்கையா இருந்தா என்ன?"

"ரவிக்கைன்னா போட்டுப் பாத்துக் குறை சொல்லுவாங்க. இதுல மேல போய்த்தான் குறை தெரியும்."

"அப்ப மேல போய்ச் சொல்லச் சொல்லுங்க. நான் கீழ இருந்து கேட்டுக்கிறேன்."

"அது முடியாதும்மா. நீங்களும்தான் மேல போகணும்" என்று சொல்லிவிட்டு, ராஜாராமன் கக்கத்தில் வைத்திருந்த பழைய விதிப் புத்தகத்தைப் பிரித்தார்.

அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம் இருந்தது. இறக்கைக்குத் துணி தைத்தவர் எவரோ, அவரே அந்த விமானத்தின் முதற் சோதனைப் பறப்பில் விமானியோடு ஏறிப் போக வேண்டும். கீழே இறங்கியதும், பறப்புப் பதிவேட்டில் 'உடன் பறந்தவர்' என்னும் வரியில் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்தே அவருக்குத் தேர்வு, அதுவே சான்றிதழ். அது இருந்தால் ரிக்கர் என்று மாதச் சம்பளப் பட்டியலில் பெயர் ஏறும். சின்னசாமி அப்படி ஏழு தடவை பறந்தவர். ஏழு தடவையும் தொப்பிக்குள் வாந்தி எடுத்தவர்.

டோரிஸின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவள் தினக்கூலி. இருக்கை உறை, திரை, காற்றின் திசையைக் காட்டும் துணிக்குழல் ஆகியவற்றைத் தைப்பவள். எண்பத்தொன்பது நாள் வேலை முடிந்ததும் ஒரு நாள் வீட்டில் இருத்தி, மறுநாள் புதிய ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். மூன்று ஆண்டுகளில் அவள் பன்னிரண்டு தடவை புதிய ஆளாகியிருந்தாள். போன மழைக்காலத்தில் மகள் பேபிக்கு டைபாய்டு வந்து, பதினோரு நாள் மருத்துவமனையில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தபோது, அவளுடைய தையல் இயந்திரத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். கேட்டில் இருபது நாள் நின்ற பிறகே அந்த இடம் திரும்பக் கிடைத்தது.

"ரிக்கர்னா லீவு உண்டா சார்?" என்று அவள் கேட்டாள்.

"லீவு உண்டு, பி.எஃப். உண்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு உண்டு."

"அப்ப துணியைக் கொண்டாங்க."

லாலாகூடாவில் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இருந்த அவர்களுடைய வீட்டில் அன்று மாலையே பயிற்சி தொடங்கியது. விதிப் புத்தகத்தில் இருந்த முடிச்சின் படத்தை ராஜாராமன் தாளில் வரைந்து கொடுத்திருந்தார். தைத்துப் பார்ப்பதற்கு இறக்கையைப் போலத் தடிமனான பொருள் வீட்டில் ஒன்றே ஒன்று இருந்தது, அது மெத்தை. நாச்சாரத்தில் பம்பு செய்யும் பட்டறையில் ஃபிட்டராக இருந்த அவள் கணவன் சிலாஸ், வேலை முடிந்து வந்து அலுப்போடு அதில் உட்கார்ந்தவன் துள்ளி எழுந்தான்.

"என்னடி இது? வேர்க்கடலை மூட்டையாட்டம் முடிச்சு முடிச்சாக் குத்துது!"

"மூணு விரற்கடைக்கு ஒரு முடிச்சு. அளந்து பாத்துக்கோங்க."

பேபி நாலாம் வகுப்பு. தமிழில் கேட்டதற்கு அவள் தமிழில் பதில் சொல்வது அபூர்வம். "மம்மி, ஏ பிஸ்தர் உடேகா க்யா?" என்றாள், இந்தப் படுக்கை பறக்குமா என்று.

"ஹவ், பறக்கும்! உங்கம்மா தைச்சதாச்சே" என்றான் சிலாஸ். "ராத்திரி தார்நாகா ஆராய்ச்சிக்கூடத்து மேல போறப்ப எழுப்புறேன். சயின்டிஸ்டுங்களுக்கு டாட்டா காட்டு."

இரண்டு வாரத்தில் மெத்தை பலகையைப் போல இறுகிவிட்டது. அடுத்த ஆறு வாரத்தில் இறக்கைகள் நான்கும் முடிந்தன. வார்னிஷ் ஒவ்வொரு பூச்சாகக் காயக் காயத் துணி விறைத்து, தட்டினால் தவில்போல ஒலித்தது.

சோதனை செய்ய வந்த இன்ஸ்பெக்டர் சிரிக்கத் தெரியாதவர் என்று பெயர் எடுத்தவர். அவர் இறக்கையின் அடியில் குனிந்து, முடிச்சுகளை ஒன்றொன்றாக விரலால் தடவிக்கொண்டே போனார். அதற்கு அரை மணி நேரம் ஆயிற்று. நடுவில் நின்று, பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து ஒரு முடிச்சை அறுத்தார்.

"இதைத் தைச்சது யாரு?"

"இவங்கதான் சார், எங்க டெய்லர்" என்றார் ராஜாராமன்.

"மறுபடியும் போடுங்க, பாப்போம்."

டோரிஸ் ஊசியை வாங்கிக் குத்தினாள். அப்பால் நின்ற தங்கம் திருப்பிக் குத்தினாள். இன்ஸ்பெக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு, கையைப் பார்க்காமல், டோரிஸ் முடிச்சைப் போட்டு நூலை அறுத்தாள். அவர் குனிந்து பார்த்தார். தடவினார். பழைய முடிச்சு எது, புதிய முடிச்சு எது என்று தேடினார்.

"பாஸ்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

தங்கம் துடைப்பத்தை மேலே வீசினாள். அது உத்திரத்தில் பட்டுப் புறாக்களைக் கிளப்பிவிட்டது. அந்தத் திடலைப் பதினெட்டு ஆண்டுகளாகப் பெருக்கி வந்த அவள், அன்று தன் கைக்காசில் எல்லோருக்கும் உஸ்மானியா பிஸ்கட் வாங்கிக் கொடுத்தாள். "நாந்தான் அந்தப் பக்கம் நின்னேன்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியே பிஸ்கட்டைக் கொடுத்தாள்.

படப்பிடிப்பு நாளன்று டோரிஸ் புடவைக்குள் சிலாஸின் காக்கிக் காற்சட்டையை அணிந்து வந்தாள். விமானத்தில் ஏறும்போது கால் அகட்ட வேண்டியிருக்கும் என்று ராஜாராமன் எச்சரித்திருந்தார். சாப்பிடாமல் வந்திருந்தாள். தொப்பி ஒன்றும் எடுத்து வந்திருந்தாள். சின்னசாமியின் கதையை அவள் மறக்கவில்லை.

ஆனால் திடலில் நிலைமை வேறாக இருந்தது. இரண்டு லாரி, ஒரு ஜெனரேட்டர், நான்கு குடை, எண்பது பேர். நடுவில் கதாநாயகி பாமா தோல் ஜாக்கெட்டும் தோல் தொப்பியும் பறப்புக் கண்ணாடியும் அணிந்து, நாற்காலியில் அமர்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள். இயக்குநர் தியாகு கைகளை ஆட்டி ஆட்டிச் செயலரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"முதல் தடவை பறக்கிறதையே படம் பிடிச்சிடறேன் சார். வெளிச்சம் பிரமாதமா இருக்கு. பத்திரிகைக்காரங்களும் வர்றாங்க. பாமா பின்னாடி சீட்ல. கேப்டன் முன் சீட்ல தலையைக் குனிஞ்சுக்குவார். கீழே இருந்து பாத்தா அந்த அம்மாவே தனியா ஓட்டுற மாதிரி இருக்கும்."

ராஜாராமன் குறுக்கிட்டார். "சார், முதல் தடவை தைச்சவங்கதான் ஏறணும். விதி இருக்கு."

"விதி எங்கயும் ஓடிப்போகாது ராஜாராமன். ரெண்டாவது ரவுண்டுல ஏத்திக்கலாம்" என்றார் செயலர்.

"முதல் ரவுண்டுக்குத்தான் சார் விதியே."

"படக் கம்பெனி அந்தம்மா பேருக்கு இன்னைக்கு ஒரு நாளைக்கு இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கு. உங்க டெய்லருக்கு யார் எடுத்திருக்கா? சொல்லுங்க."

ராஜாராமன் தள்ளி நின்ற டோரிஸின் பக்கம் திரும்பவில்லை. அவர் திரும்பாததிலிருந்தே டோரிஸுக்குச் செய்தி விளங்கிவிட்டது. அவள் கையிலிருந்த தொப்பியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஒரு எட்டு வாரம் மெத்தையில குத்துப்பட்டுத் தூங்கினேன்" என்று தங்கத்திடம் மெல்லச் சொன்னாள்.

"வாயைத் தொறந்து கேளேன் டோரிஸு. கைக்கு? எதுக்குப் பயம்?"

"கேட்டா கேட்டுக்கு வெளியே நிக்கவைப்பாங்கக்கா."

பாமா ஏணியில் ஏறிப் பின்னிருக்கையில் அமர்ந்தாள். முன்னிருக்கையில் கிளப்பின் விமானி கேப்டன் பத்ரிநாராயணன் ஏறினார். மெக்கானிக் விமானத்தின் மூக்கிலிருந்த விசிறியைச் சுழற்றிவிட்டதும் இயந்திரம் இருமி, கனைத்து, நீலப் புகையைக் கக்கி, விமானம் முழுவதையும் உலுக்கத் தொடங்கியது. எண்ணெய்த் துளி ஒன்று பின்னால் பறந்துவந்து பாமாவின் கன்னத்தில் விழுந்தது. அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"சார், ஏணி! ஏணியைக் கொண்டு வரச் சொல்லுங்க! இது சும்மா நிக்கிறப்பவே இப்படி ஆடுதே, மேல போனா என்ன ஆகும்? எங்கம்மாவுக்கு நான் ஒரே பொண்ணு சார்!"

இறங்கியவள் இறங்கியவள்தான். தியாகு கெஞ்சினார். நடனமாடச் சொன்னாலும் ஆடுவேன், நெருப்பில் குதிக்கச் சொன்னாலும் குதிப்பேன், ஆகாயம் மட்டும் வேண்டாம் என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். சண்டைக் கலைஞர் ஒருவரைப் பாமாவுக்குப் பதிலாக ஏற்றலாம் என்று அழைத்தார்கள். அவர் ஜாக்கெட்டை இழுத்து இழுத்துப் போட்டார். தோளில் தையல் விட்டது. மீசையை எடுக்கச் சொன்னார்கள்.

"அது மட்டும் ஆகாது சார். நாளன்னைக்கு வேற படத்துல இந்த மீசையோட வில்லனை அடிக்கணும்" என்றார் அவர்.

தியாகு வானத்தைப் பார்த்தார். வெளிச்சம் நகர்ந்துகொண்டிருந்தது. அப்போது தங்கம் துடைப்பத்தோடு நடுத்திடலுக்கு வந்துவிட்டாள்.

"சார், எங்க டோரிஸு உக்காரும் சார்! அதுதான் உக்காரவேண்டிய ஆளு. உசரம் பாருங்க, ஒடம்பு பாருங்க, எல்லாம் அந்தம்மா அளவுதான். மீசையும் கெடையாது!"

எண்பது பேரும் சிரித்தார்கள். தியாகு சிரிக்காமல் டோரிஸைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்தார்.

"பயமில்லையாம்மா?"

"தைச்சவளுக்கு என்ன சார் பயம்? தைக்கத் தெரியாம தைச்சிருந்தால்ல பயப்படணும்."

அதற்குள் ராஜாராமன் அவளருகில் வந்து நின்றுகொண்டார். அவருடைய மூக்குக் கண்ணாடி மூக்கின் நுனியில் இருந்தது. அவர் மிகவும் மகிழ்ச்சியாக இருக்கும்போது மட்டுமே அது அங்கே இறங்கும். "ஏறுங்க, ஏறுங்க" என்றார். "படத்துக்குப் படமும் ஆச்சு, விதிக்கு விதியும் ஆச்சு." வெளிச்சம் போனால் படக் கம்பெனியின் பணமும் போகும் என்பதால் செயலரும் தடுக்கவில்லை.

டோரிஸ் லாரிக்குப் பின்னால் போய்ப் புடவையைக் களைந்து தங்கத்திடம் கொடுத்தாள். ஜாக்கெட்டின் தோள் விட்டிருந்த இடத்தில் நான்கே தையல் போட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். போட்டுக்கொண்டு வந்தபோது, தூரத்தில் நின்ற உதவி இயக்குநர் பாமாதான் மனம் மாறிவிட்டாள் என்று நினைத்துக் கைதட்டினார்.

பத்ரிநாராயணன் தலையைத் திருப்பி உத்தரவுகளைச் சொன்னார். "முழங்காலுக்கு நடுவுல இருக்கிற குச்சியைத் தொடாதீங்க. கால்கிட்ட இருக்கிற கட்டையை மிதிக்காதீங்க. நான் கை தூக்கினா நீங்க கையை ஆட்டணும். வேற ஒண்ணும் பண்ண வேணாம். வாந்தி வந்தா வலப்பக்கம்."

"கைக்கு? ஏன் வலப்பக்கம்?"

"கேமரா இடப்பக்கம் இருக்கு."

விமானம் புல்லில் குதித்துக் குதித்து ஓடியது. பிறகு குதிப்பது நின்றது. நின்றதற்குக் காரணம் சக்கரம் தரையில் இல்லை என்பதுதான் என்று அவளுக்குப் புரிவதற்குள் கொட்டகையின் கூரை கால்களுக்குக் கீழே சரிந்துகொண்டிருந்தது. தங்கம் சிறுத்துப்போய், துடைப்பத்தை ஆட்டிக்கொண்டு நின்றாள்.

டோரிஸ் முதலில் ஊரைப் பார்க்கவில்லை. இறக்கையைப் பார்த்தாள். சட்டங்களுக்கு இடையே துணி நூலளவு மேலெழும்பி, முடிச்சுகள் பிடித்த இடத்தில் பிடித்தபடி நின்றது. வரிசை வரிசையாக, மூன்று விரற்கடைக்கு ஒன்றாக, எல்லா முடிச்சுகளும் ஆகாயத்தைத் தாங்கிக்கொண்டிருந்தன. அவள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒன்றையும் விடாமல் பார்த்து முடித்தாள். அதன் பிறகே கீழே குனிந்தாள்.

ஹுசேன்சாகர் வெயிலில் கழுவிவைத்த தட்டாகக் கிடந்தது. லாலாகூடாவின் தண்டவாளங்கள், கலைந்த நூற்கண்டைப் போலப் பிரிந்தும் சேர்ந்தும் ஓடின. தார்நாகாவின் ஆராய்ச்சிக்கூடங்கள் மரங்களுக்குள் மறைந்திருந்தன. நாச்சாரத்தின் புகைபோக்கிகளை எண்ணிக்கொண்டே போய், ரம்பப் பல்லைப் போன்ற கூரையைக் கொண்ட பட்டறையைக் கண்டுபிடித்தாள்.

"சிலாசூ!" என்று கத்தினாள். காற்று அந்தப் பெயரை வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. கேட்க யாரும் இல்லை என்பது அவளுக்குப் பெரிய வசதியாக இருந்தது. தேவாலயப் பாடகர் குழுவில் இடம் மறுக்கப்பட்ட தன்னுடைய குரலை முழுவதுமாகத் திறந்து, தெரிந்த கீர்த்தனைகளை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பாடினாள். பத்ரிநாராயணன் கை தூக்கியபோது அவள் இரண்டு கைகளையும் ஆட்டினாள். அவர் கையை இறக்கிய பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

படம் எடுத்து முடித்தாயிற்று என்று கீழே பச்சைக் கொடி அசைந்தது. விமானி நிமிர்ந்து உட்கார்ந்தார். திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு குச்சியைச் சுட்டிக்காட்டிப் பிடித்துக்கொள்ளும்படி சைகை செய்தார். அவள் ஊசியைப் பிடிப்பதுபோல இரண்டு விரலாலும் கட்டைவிரலாலும் அதைப் பற்றினாள். பத்ரிநாராயணன் தம் கைகள் இரண்டையும் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினார்.

அவர் கைகள் மேலே இருந்தன. விமானம் பறந்துகொண்டிருந்தது.

மூக்கு லேசாகத் தாழ்ந்தது. அவள் நூலைச் சுண்டும் அளவுக்குக் குச்சியைத் தன் பக்கம் இழுத்தாள். மூக்கு நிமிர்ந்தது. இறக்கை இடப்பக்கம் சாய்ந்தது, சிறிது வலப்பக்கம் தள்ளினாள், நேராயிற்று. ஒரு நிமிடம் இருக்கும், அல்லது இரண்டு நிமிடம். பத்ரிநாராயணன் கைகளை இறக்கியபோது அவள் குச்சியை விடுவதற்குச் சற்றுத் தாமதமாயிற்று.

தரையில் இறங்கி இயந்திரத்தை அணைத்ததும், காதில் இன்னும் காற்று அடைத்திருக்க, எல்லோருடைய வாயும் ஓசையின்றி அசைவது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. பத்ரிநாராயணன் முன்னிருக்கையிலிருந்து குதித்து, இறக்கையின்மேல் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"ராஜாராமன், ஒரு சுருக்கம் இல்லை, ஒரு தொய்வு இல்லை. இந்த றெக்கையை இனிமே பத்து வருஷத்துக்கு யாரும் தொட வேண்டியதில்லை."

"நாந்தான் சார் அந்தப் பக்கம் நின்னேன்" என்றாள் தங்கம்.

பத்திரிகைக்காரர்களின் ஜீப் கேட்டுக்குள் நுழைந்தது. செயலர் ஓடி வந்தார். "ஜாக்கெட், ஜாக்கெட்! சீக்கிரம் கழட்டும்மா. தொப்பி, கண்ணாடி எல்லாம்." டோரிஸ் கழற்றிக் கொடுத்துவிட்டுப் புடவையைச் சுற்றிக்கொண்டாள். பாமா ஜாக்கெட்டுக்குள் கைகளை நுழைத்தாள்.

"அய்யோ, இன்னும் சூடா இருக்கே! மேல குளிரலையாம்மா?"

"பாடிக்கிட்டே போனேன், தெரியலை" என்றாள் டோரிஸ். பாமா அவளுடைய இரு கைகளையும் பிடித்துக்கொண்டு மனம்விட்டுச் சிரித்தாள். பிறகு ஏணியில் ஏறிப் பின்னிருக்கையில் நின்று கையசைத்தாள். கேமராக்கள் பளிச்சிட்டன. வானத்தில் எப்படி இருந்தது என்று ஒரு நிருபர் கேட்டார். பறவையாகவே மாறிவிட்டேன் என்று பாமா சொன்னாள்.

எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றின்மேல் ராஜாராமன் பறப்புப் பதிவேட்டை விரித்துவைத்து எழுதிக்கொண்டிருந்தார். தேதி, நேரம், உயரம், விமானியின் பெயர். அடுத்த வரிக்கு வந்ததும் டோரிஸைக் கூப்பிட்டார். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள்.

"இருங்க" என்றார் பத்ரிநாராயணன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "இன்ஷூரன்ஸ் இல்லாத ஆளை ஏத்தினேன்னு புத்தகத்துல இருந்தா என் லைசென்ஸ் போயிடும் ராஜாராமன். கிளப்பையும் சர்க்கார்ல மூடிடுவான்."

"சார், இந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் இந்தம்மா..."

"எனக்கும் தெரியும். நல்ல கை அவங்களுக்கு. ஆனா எழுத்துல வரக்கூடாது."

"யார் பேருக்கு இன்ஷூரன்ஸோ அவங்கதான் பறந்தாங்க. எண்பது பேர் பாத்திருக்காங்க, பேப்பர்லயும் வரப்போகுது" என்றார் செயலர். "அடுத்த விமானத்துக்குப் பாத்துக்கலாம்மா."

டோரிஸ் கொட்டகையின் பக்கம் பார்த்தாள். நான்கு விமானங்களும் அலுமினியம் பளபளக்க நின்றன.

ராஜாராமன் அவளுடைய விரல்களிலிருந்து பேனாவை எடுக்கவில்லை. செயலர்தான் எடுத்தார். ஏணியிலிருந்து இறங்கி வந்த பாமாவிடம் பேனாவையும், வரியைக் காட்டும் விரலையும் ஒன்றாக நீட்டினார். "இங்க ஒரு கையெழுத்து, மேடம்."

"இவ்வளவு பெரிய ஆட்டோகிராஃப் புத்தகமா!" என்றாள் பாமா. பேனாவை வாங்கியவள், எதிரில் நின்ற டோரிஸைப் பார்த்து நிறுத்தினாள். "உன் பேர் என்னம்மா? எனக்காக இன்னிக்கு எவ்வளவு பண்ணியிருக்கே."

"டோரிஸ்."

செயலர் தடுப்பதற்குள் பாமா எழுதிவிட்டாள். 'அன்புள்ள டோரிஸுக்கு, என்றும் உன் பாமா.' வளைந்தும் நெளிந்தும் ஓடிய எழுத்துகள் அந்த வரியை நிறைத்துப் பக்கத்தின் ஓரம் வரை போயின. அடியில் ஒரு பூவும் போட்டாள். ராஜாராமன் வாயைத் திறந்தார். அந்தப் பதிவேட்டில் ஒரு முறை எழுதியதை அடிக்கக்கூடாது என்பதும் விதி.

"போகட்டும். கையெழுத்து இருக்கே, அது போதும்" என்றார் செயலர்.

யாரோ அலுமினிய விமானம் ஒன்றை இயக்கினார்கள். அதன் விசிறிக் காற்றில் பதிவேட்டின் தாள்கள் படபடத்து எழுந்தன. மை காயவில்லை. "கலைஞ்சிடப் போகுது, கொஞ்சம் பிடிச்சுக்கோம்மா" என்று சொல்லிவிட்டுப் பாமா புகைப்படக்காரர்களை நோக்கி நடந்தாள். டோரிஸ் இரண்டு விரலாலும் கட்டைவிரலாலும் அந்தப் பக்கத்தின் நுனியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மை காயும்வரை நின்றாள்.